படகின் மறுபக்கம்

அல்போ படகின் எந்தப் பக்கத்தைப் பிடித்திருந்தான் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் உண்டு. இடப்பக்கம் என்றுதான் நினைவு. ஆனால் அவன் இதை என்னிடம் மூன்று முறை சொன்னான். அதில் ஒரு முறை வலப்பக்கம் என்று சொன்னதாகவும் ஒரு நினைப்பு இருக்கிறது. அவன் சொன்னதையும், அவன் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரங்களில் நானாக நிரப்பிக்கொண்டதையும் இத்தனை வருடங்களுக்குப் பிறகு பிரித்தெடுக்க முடியவில்லை. இடப்பக்கம் என்றே வைத்துக்கொள்கிறேன். துடுப்பின் சத்தம் மாறியதில்தான் எல்லாம் தொடங்கியது என்பதில் மட்டும் மூன்று முறையும் அவன் பேச்சு மாறவில்லை.

துடுப்பை நீரிலிருந்து தூக்கினால் அதன் அலகிலிருந்து சொட்டுகள் விழும். பிறந்ததிலிருந்து கேட்டுக் காதுக்குப் பழகிப்போன சத்தம் அது. கேட்டுக்கொண்டிருக்கும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. அன்று பகல் ஒரு மணி வாக்கில், வெளிப்பாறைகளிலிருந்து கடைசி வலையையும் எடுத்துவிட்டுக் கரையை நோக்கித் திரும்பிய கொஞ்ச நேரத்தில், அது நின்றுவிட்டிருப்பதை அல்போ உணர்ந்தான். சொட்டுகள் அலகிலேயே உறைந்து பல்வரிசை போலத் தொங்கின. காற்று அடியோடு விழுந்திருந்தது. படகு கிழித்துக்கொண்டு வந்த தடம், ஆறிய பாலில் ஆடை படிவதுபோல, அவர்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டே வந்தது.

டிசம்பர் முதல் வாரம். போத்னியா வளைகுடாவின் எங்கள் பக்கத்தில் அந்த வாரத்துக்குள் வலைகளையெல்லாம் எடுத்துவிட வேண்டும். எடுக்காத வலை பனிக்கு அடியில் குளிர்காலம் முழுக்கச் செத்த மீனைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், பனி உடையும்போது கிழிந்துபோகும். அல்போவுக்கு அங்கே எட்டு வலைகள் இருந்தன. வலை போனால் போகட்டும் என்று அவன் மனைவி சைமி முதல் நாளே சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பாவும் அண்ணனும் ஒரே இலையுதிர்காலத்தில் இதே வளைகுடாவில் மூழ்கிப் போனவர்கள். மிச்சம் இருந்தது தம்பி வில்ஹோ ஒருவன்தான். ஒற்றை ஆளாகத் துடுப்பும் போட்டு வலையும் இழுக்க முடியாது என்பதால், அல்போ அவனைத்தான் துணைக்குக் கூப்பிட்டிருந்தான். காலையில் படகுத்துறையில் சைமி தன் தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. புருஷனின் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "அவனைக் கூட்டிக்கிட்டு வா. அவன் இல்லாம நீ மட்டும் வராதே" என்றாள். விளையாட்டுக்குச் சொன்ன முகம் அல்ல அது.

இரண்டு மணிக்குள் துடுப்பு பயனற்றுப் போனது. பனி ஆடை தடித்துவிட்டது. துடுப்பால் குத்தினால் உடைந்தது, ஆனால் படகை முன்னே விடவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்கும் ஒரு வழி உண்டு. இந்தப் பருவத்துப் படகுகளுக்கு அடியில் இரும்புப் பட்டை அடித்திருக்கும். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இறங்கி, வயிற்றைப் படகின் விளிம்பில் சாய்த்து, பாரத்தை அதன்மேல் போட்டுவிட்டு, ஒற்றைக் காலால் பனியை உதைத்து உதைத்துப் படகை வழுக்கிக்கொண்டு போவார்கள். பனி விட்டுப்போனால் காலைத் தூக்கிக்கொண்டு விளிம்பில் தொங்கலாம். ஓடிக்கொண்டே இருக்கும்வரை, ஒரு நாயைக்கூடத் தாங்காத பனி அந்தப் படகைத் தாங்கும். நின்றால் தாங்காது. ஒருவன் மட்டும் உதைத்தால் படகு வட்டமடிக்கும். அதனால்தான் இரண்டு பேர்.

நடுவில் எட்டு வலைகளும் விறைத்து நெஞ்சளவு குவியலாகக் கிடந்தன, மேலே கித்தான் போர்த்தியபடி; பக்கத்தில் நான்கு மீன் பெட்டிகள். விளிம்பின்மேல் குனிந்து தள்ளும்போது இந்தப் பக்கத்தவனுக்கு அந்தப் பக்கத்தவன் தெரியமாட்டான். பின்னால் இன்னும் உறையாமல் கிடந்த திறந்த நீரிலிருந்து ஆவி எழுந்து, சாம்பல் நிறப் புகையாகப் பனிமேல் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கே இருட்டு. அதனால் பேச்சை விடக்கூடாது என்பது முதல் விதி. ஒருவன் பேச்சு நின்றால் மற்றவன் உடனே படகுக்குள் பாய வேண்டும்.

வில்ஹோவுக்கு அந்த விதி கஷ்டமே இல்லை. கல்யாணம் ஆகாத இருபத்தொன்பது வயதுக்காரன், வாய் ஓயாதவன். "இந்த வேகத்துல போனா அத்தான், கிறிஸ்துமஸ் பன்றிக்கறிய நமக்குப் பதிலா பூனை தின்னுரும்" என்றான்.

"வாயால தள்ளினது போதும் மச்சான். காலால தள்ளு."

அவன் சிரித்தான். சைமி படகுத்துறைக் கம்பத்தில் ஏற்றிவைத்திருந்த லாந்தர், புகை விலகியபோதெல்லாம் ஒரு மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது. அதற்கு நேராகப் போனார்கள். பட்டை பனியைச் சீவும் சத்தம், அல்போவின் உதை, அடுத்து வில்ஹோவின் உதை. வலையிலிருந்து மீனும் தாரும் கலந்த வாடை. மூச்சு மீசையில் உறைந்து கம்பியாக இழுத்தது. எங்கோ தொலைவில் பனி தனக்குத்தானே முனகி, அந்த முனகல் காலுக்கடியில் ஓடி வந்து, கடந்து, இருட்டுக்குள் போயிற்று.

வில்ஹோ தபால்காரரின் குதிரையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். வாக்கியத்தின் நடுவில் ஒரு முறிவு. தண்ணீர்ச் சத்தம். படகு வலப்பக்கம் சரிந்து நிமிர்ந்தது.

அப்போதுதான் அல்போ அந்தத் தவறைச் செய்தான்.

தண்ணீருக்குள் போய் வந்தவன் படகின் விளிம்பில் கை வைக்கும் முன் தன் பெயரைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி இது. பெயர் சொல்கிறவனுக்குப் புத்தி இன்னும் தெளிவாக இருக்கிறது, தானாக ஏறிவிடுவான். சொல்லாதவனைக் கயிறு போட்டுத்தான் இழுக்க வேண்டும் என்று விளக்கம் சொல்வார்கள். வேறு விளக்கமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அல்போ பெயரைக் கேட்கவில்லை. அந்தப் பக்க விளிம்பில் ஈரக் கை அறையும் சத்தம் கேட்டதுமே, "ஏறு, உள்ள ஏறு" என்று கத்தினான்.

படகு அழுந்தியது. துணியிலிருந்து தண்ணீர் வடிந்து பலகையில் கொட்டியது. கித்தானுக்கு அடியில் புகுந்துகொள்ளச் சொன்னான், வலையை மேலே இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னான். கித்தான் சரசரத்தது. பற்கள் தந்தியடிக்கும் சத்தம், பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

இனி ஒற்றை ஆள். கரை இன்னும் இரண்டு கிலோமீட்டர். நனைந்தவனுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால். அல்போ பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தான். முகப்பு வலப்பக்கம் திரும்பும் என்று தெரியும்; திரும்பினால் இழுத்து நேராக்க விளிம்பை இறுக்கிப் பிடித்தான். உதைத்தான். இன்னொரு முறை.

படகு திரும்பவில்லை. கோடு போட்டதுபோல நேராகப் போனது.

ஏழெட்டு உதை போன பிறகுதான் அவன் அதைக் கவனித்தான். லாந்தர் முகப்புக்கு நேராகவே இருந்தது. காதைக் கொடுத்தான். அவன் உதைக்குப் பின்னால், அரை மூச்சு இடைவெளியில், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு உதை.

பிடிவாதக்காரன், அதற்குள் இறங்கிவிட்டான். அல்போவுக்குக் கோபத்தைவிட ஆறுதலே அதிகம் வந்தது.

"உன்னை உள்ள கிடன்னுதானே சொன்னேன்."

"நடந்தாத்தான் அத்தான் சூடு" என்றான் வில்ஹோ.

அதன் பிறகு பேசிக்கொண்டே போனார்கள். தபால்காரரின் குதிரைக் கதை முடிந்தது. அல்போ சிரிக்கவும் செய்தான். அரை மணி இருக்கும். வேகம் கூடியிருந்தது. இந்தச் சின்னப் பையனிடம் இவ்வளவு பலமா என்று நினைத்துக்கொண்டான். சைமி மூட்டியிருக்கும் சவுனா என்ற நீராவிக் குளியலறையின் புகைவாடைகூட எட்டிவிட்டதுபோல இருந்தது.

அப்போது கித்தானுக்கு அடியிலிருந்து, தூக்கத்திலிருந்து எழுந்தவனுடையதுபோல மெல்லிய குரல் வந்தது.

"அத்தான். யார்கிட்ட பேசுறே?"

வில்ஹோவின் குரல்.

அல்போவின் கால் ஒரு உதையைத் தவறவிட்டது. அந்தப் பக்கத்து உதை தவறவில்லை. படகு அவனையும் இழுத்துக்கொண்டு போனது. கையுறை விளிம்போடு உறைந்து ஒட்டியிருந்தது. பூட்சுக்கு அடியில் பனி தழைந்து தண்ணீர் ஏறுவது தெரிந்தது. நிற்க முடியாது. விட முடியாது. உதைத்தான்.

"பதில் சொல்லாதே அத்தான்." இது அந்தப் பக்கத்திலிருந்து, ரகசியம் பேசுவதுபோல. இதுவும் வில்ஹோவின் குரல்தான். "உள்ள இருக்கிறது நான் இல்லை."

அல்போ இன்னொரு முறை உதைத்தான்.

"நான் தண்ணியில விழவே இல்லை. என் முன்னாடி பனி உடைஞ்சுது, நான் காலைத் தூக்கிட்டுத் தொங்கினேன். எதுவோ கை வெச்சுது. நீ ஏறுன்னு சொன்னே. ஏறிடுச்சு. பயத்துல நான் வாயைத் திறக்கலை."

கித்தானுக்கு அடியில் ஏதோ அசைந்தது. பிறகு, "அத்தான், எனக்குக் கால் இருக்கிறதே தெரியலை" என்றது உள்ளிருந்த குரல். "சீக்கிரம் போ."

நேரம் கடந்த பிறகு அல்போ அந்த விதியைப் பிடித்துக்கொண்டான். "பேரைச் சொல்லு" என்றான். யாரிடம் கேட்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"வில்ஹோ."

ஒரே நேரத்தில். இரண்டு இடத்திலிருந்து. ஒரு குரல்.

அவன் நேற்று ராத்திரிச் சாப்பாடு என்ன என்று கேட்டான். உள்ளேயிருந்து, மீன் சூப் என்று வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து, அதில் உருளைக்கிழங்கு அடிப்பிடித்திருந்தது என்று வந்தது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு அழுததில் அடுப்பை மறந்துவிட்டாள் என்றும் சேர்த்துச் சொன்னது. இரண்டும் உண்மை. எட்டிப் பார்க்கலாம். வலைக்குவியலுக்கு மேல் எழும்பினால் போதும். எழும்ப வேண்டுமானால் பாரத்தைக் காலில் போட வேண்டும். போட்டால் பனி விடும். கித்தானைத் தூக்கலாம். கை நீளவில்லை. கை நீண்டிருந்தாலும் தூக்கியிருக்க மாட்டேன் என்று மூன்று முறையும் அவன் சொன்னான்.

உதை. உதை. பட்டையின் சீறல். புகைக்குள் லாந்தர் வளர்ந்து, விளக்குக்குரிய வடிவம் எடுத்தது. அதற்குக் கீழே ஒரு பெண் நிற்பதும் தெரிந்தது.

கரைக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்போது ஓடை வந்து கலக்கும் இடத்தில் பனி விட்டது. முகப்பு தண்ணீருக்குள் குத்தி இறங்கியது. விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே கொட்டியது. முன்னால் ஒரு ஆள் நீளத்தில் கெட்டியான பனி தொடங்கியது; அதன்மேல் முகப்பை ஏற்றினால் பிழைக்கலாம். அல்போ உறைந்த கையுறையிலிருந்து கையை உருவிக்கொண்டு, விளிம்பில் தொங்கியபடி கைக்கெட்டிய மீன் பெட்டிகளைத் தள்ளினான். நான்கும் போயின. படகு எழவில்லை. வலைகளை இழுத்துவிட்டான். ஒன்றோடொன்று உறைந்து மலைபோல் இருந்தன, பாதிதான் நகர்ந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

"கித்தானோட தள்ளிடு அத்தான்." அந்தப் பக்கம். அமைதியான குரல். "நான் முகப்பைத் தூக்குறேன்."

"அத்தான்." உள்ளே. "என் கை மூட மாட்டேங்குது. என்னைப் பிடிச்சுக்கோ."

எது வில்ஹோ என்று அவன் கண்டுபிடிக்கவில்லை. அதை அவன் என்னிடம் மறைக்கவில்லை. அந்த நொடியில் அவன் கேட்டுக்கொண்டது வேறு கேள்வி: இரண்டில் எதனால் படகைத் தள்ள முடியும்? உள்ளே இருப்பதற்குக் கால் இல்லை. அந்தப் பக்கம் இருப்பதற்குப் பலம் இருக்கிறது. அது இல்லாமல் படகு ஏறாது. படகு ஏறாவிட்டால் யாருமே கரை சேரமாட்டார்கள்.

வலைகள் நகர்ந்ததில் இப்போது கைக்கெட்டிய கித்தானின் ஓரத்தை இரு கையாலும் பற்றி இழுத்தான். சரிந்த படகு உதவி செய்தது. ஒரு ஆளின் முழுப் பாரம். வலையோடு சுருண்டு, விளிம்பில் ஒரு கணம் தங்கியது. ஏதோ ஒன்று அவன் சட்டைக்கையைத் தடவியது. விரல்கள், மடங்காத விரல்கள், பிடிக்க முடியாமல் வழுக்கின. சத்தம் ஒன்றும் இல்லை. தண்ணீர் ஒரு முறை விழுங்கியது.

முகப்பு எழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த உந்தலில் படகு பனிமேல் தாவி ஓடியது. அல்போவின் கால் பனியைத் தொட்டது பாதி, இழுபட்டது பாதி.

சைமி லாந்தரைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். படகு கற்களில் இடித்து நின்றது. முகப்பைச் சுற்றிக்கொண்டு ஒருவன் வெளிச்சத்துக்குள் வந்தான். வில்ஹோவின் முகம், வில்ஹோவின் கால் வளைப்பு, புருவத்தில் பனி. தொப்பி முதல் பூட்ஸ் வரை உலர்ந்திருந்தான். விழவே இல்லை என்றுதானே சொன்னான். சைமி அவனைக் கட்டிக்கொண்டு விட மறுத்தாள். வலையெல்லாம் எங்கே என்று பிறகு ஒரு பேச்சுக்குக் கேட்டாள்; போகட்டும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

சவுனா தயாராக இருந்தது. அல்போ மேல்படியில் உட்கார்ந்து, தோல் கொப்பளிக்கும்வரை சூடான கல்லில் தண்ணீரை ஊற்றி ஆவியெழுப்பினான். வில்ஹோ உள்ளே வரவில்லை. குளிரே இல்லை அக்கா என்று சொல்லிவிட்டு, வெளிவாசற்படியில் தொப்பியில்லாமல் உட்கார்ந்திருந்தான். மைனஸ் இருபது இருக்கும் அன்று. நடந்தது எதையும் அல்போ அவளிடம் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு வந்துவிட்டான், அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் மச்சானையே கவனித்துக்கொண்டிருந்தான். வில்ஹோ விறகு பிளந்தான், கிணற்றுப் பனியை உடைத்துத் தண்ணீர் கொண்டுவந்தான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோருக்கும் முன்னால் பாட்டின் அடுத்த அடியை எடுத்தான், தபால்காரரின் குதிரையைப் பற்றிச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்தான். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அல்போவைத் தூங்கவிடவில்லை. சில காலைகளில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் அந்தக் கையைப் பார்த்து, இது வில்ஹோ, நான் சரியாகத்தான் செய்தேன் என்று முழுசாக நம்புவான். அந்த நம்பிக்கை காப்பி ஆறும்வரை நிற்கும்.

மே மாதம் பனி போனது. கப்பலுக்கு வழிகாட்டும் ஆட்கள், ஓடை வாய்க்குக் கிழக்கே கற்களுக்கிடையில், வலையில் சுற்றிய ஒரு ஆண் உடலைக் கண்டெடுத்தார்கள். அந்தத் தண்ணீரின் குளிர் உடலைக் கெடவிடவில்லை, ஆனால் பனியும் கற்களும் உராய்ந்து முகம் ஊராருக்கு அடையாளம் தெரியாதபடி ஆகியிருந்தது. படகுக் கொட்டகையில் ஒரு பழைய கதவைக் கிடத்தி அதன்மேல் வைத்திருந்தார்கள். முகத்தை மட்டும் துணியால் மூடியிருந்தார்கள். அடையாளம் தெரிகிறதா பாருங்கள் என்று காவலர் வீடு வீடாகச் சொல்லிவிட்டார்.

சைமி போனாள். கூடவே வில்ஹோவும் போனான். கொட்டகை வாசல்வரை போன அல்போவால் அதைத் தாண்ட முடியவில்லை. நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

காவலர் துணியை விலக்கினார். சைமி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வெளியே ஓடை ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் மண்டியிட்டு, அந்தச் சட்டையின் திறந்திருந்த மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். சின்ன வயதில் தம்பிக்குச் செய்ததுபோல, கட்டைவிரலை நாவில் நனைத்து அவன் புருவத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள்.

அவளுக்குப் பின்னால், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மிகவும் பணிவாக, "யாரு அக்கா அது?" என்று கேட்டான் வில்ஹோ.

அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் ஒரு முறை இறுகித் தளர்ந்ததை அல்போ பார்த்தான்.

"தெரியலடா" என்றாள். "வா, வீட்டுக்குப் போகலாம்."

அந்த உடலைக் கல்லறையின் வடக்குச் சுவரோரம் பெயர் எழுதாமல் புதைத்தார்கள். அல்போ அதன் பிறகு படகில் கால் வைக்கவில்லை. எட்டாம் வருடம் நெஞ்சு நோயில் செத்தான். சைமி வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளும் வில்ஹோவும் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.